ஆகாய மார்க்கமும் சரணாகதி மார்க்கமும்

ஸ்ரீ:

பல்லாவரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் மேற்கே விளங்குவது திருநீர்மலை திவ்ய தேசம். எம்பெருமான் நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் நான்கு திருக்கோலங்களில் ஸேவை ஸாதிக்கும் க்ஷேத்திரம் அது. மூவுலகையும் அளந்த பெருமாளை மலைமேல் ஸேவித்துவிட்டுப் படிகளில் இறங்கி வரும் அன்பர்களுக்கு, மீனம்பாக்கத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் ஆகாய விமானங்கள் கண்ணில் படும். ஓரடியால் ஆகாயம் முழுவதையும் அளந்தவனுக்கு அந்த விமானமும், கீழே தாம்பரத்தை நோக்கி ஓடும் மின்சார ரயிலும் ஒன்றுதான். மனிதனுக்கோ அப்படியன்று. ரயில் நின்றால் இறங்கி நடக்கலாம். ஆகாயத்தில் உள்ளவன் எங்கே இறங்கி நடப்பது? பூமியில் பல தாங்குகோல்களோடு வாழும் ஜீவன், தன்னைத் தாங்குவது எது என்ற கேள்வியை மறந்திருக்கிறான். ஆகாயத்தில் அது மறக்க முடியாத கேள்வியாகிவிடுகிறது. ஆகவே விமானிகளின் வாழ்வில் நிகழ்ந்த சில ஸம்பவங்களைக் கொண்டு, பூர்வாசார்யர்கள் உபதேசித்த சரணாகதி தத்துவத்தின் ஓர் அங்கத்தைச் சிந்திப்பது இவ்வுத்ஸவ காலத்திற்குப் பொருந்தும்.

நெல்வயலில் இறங்கிய விமானம்

1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் தேதி, அப்போது மதராஸ் என்று வழங்கிய சென்னையிலிருந்து இந்தியன் ஏர்லைன்ஸின் 440ஆம் எண் விமானம் ஹைதராபாதுக்குப் புறப்பட்டது. ஏர்பஸ் ஏ300 வகையைச் சேர்ந்த பெரிய விமானம் அது. அதில் 262 பேர் இருந்தனர். ஹைதராபாதை அடைந்தபோது ஓடுபாதை தெளிவாகப் புலப்படவில்லை. இறங்க முயன்ற விமானம் மீண்டும் மேலே எழும்ப நேர்ந்தது. எழும்பிய பிறகு, இறங்குவதற்காக இறக்கையில் விரித்திருந்த மடல்கள் மீண்டும் மடங்க மறுத்தன. விமானம் மதராஸை நோக்கித் திரும்பியது.

'ஃப்ளாப்' என்று விமானிகள் வழங்கும் இந்த மடல்கள் இறக்கையின் பின்விளிம்பில் உள்ளவை. வேகம் குறையும்போது விமானத்தைத் தாங்குவதற்காக அவற்றை விரிப்பார்கள். அதே மடல்கள் காற்றைத் தடுத்துப் பின்னுக்கும் இழுக்கும். விரித்த மடலோடு விரைந்து செல்லலாகாது; உயரப் பறந்து சிக்கனமாகச் செல்லவும் இயலாது. ஆகவே வழக்கமாகப் போதுமான எரிபொருள் அன்று போதவில்லை. மதராஸ் வரை எட்டாது என்றானபோது விமானிகள் வழியிலுள்ள திருப்பதி விமான நிலையத்தை நாடினார்கள். அதுவும் எட்டவில்லை. எரிபொருள் தீர்ந்த அந்தப் பெருவிமானம் திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் இறங்கிற்று. விமானம் மீண்டும் பறக்கும் நிலையில் இல்லை. ஆயினும் அதிலிருந்த 262 பேரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

கருவறையின்மேல் உள்ளதையும் விமானம் என்றே வழங்குகிறது ஆகம மரபு. ஆனந்த நிலைய விமானத்தின்கீழ் வேங்கடவன் எழுந்தருளியிருக்கும் மலையின் சுற்றுப்புறத்தில், வேறொரு விமானம் தன் பலமெல்லாம் ஒழிந்து மண்ணில் அமர்ந்தது. ஆஸ்திக உள்ளம் இதைக் கேட்டவுடன், ஏழுமலையான் காத்தான் என்று கைகூப்பும். கூப்பட்டும், அது தகும். ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் கேட்ட செய்தியின் பயன் பாதியே கிட்டியதாகும். காக்கப்பட்டவர்கள் எந்த நிலையில் காக்கப்பட்டார்கள் என்பதையும் ஆராய வேண்டும்.

உயரமே கையிருப்பு

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. எஞ்சின் ஓய்ந்த விமானம் மெல்ல மெல்ல உயரத்தை இழந்துகொண்டே முன்னோக்கிச் சறுக்கிச் செல்லும். ஓர் எஞ்சினும் நான்கு இருக்கைகளும் கொண்ட சிறிய பயிற்சி விமானம், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்று எதிர்க்காதபோது ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்ல வல்லது. அந்த எல்லைக்குள் ஒரு மைதானத்தையோ, வயலையோ, நேரான சாலையையோ தேர்ந்து இறங்குவதற்கு விமானிக்குச் சிறிது அவகாசம் உண்டு. விமானம் ஓட்டக் கற்கும் மாணவனுக்குத் தொடக்க நாட்களிலேயே இந்தப் பயிற்சியைக் கற்பிப்பது வழக்கம். தாம்பரத்தில் 1954 முதல் நடந்துவரும் இந்திய விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி, இத்தகைய வித்தைகளை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் வித்யாஸ்தானம்.

எரிபொருள் தீர்ந்தபின் விமானிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே செல்வம் உயரம். அந்த உயரம் இருக்கும்போதே அவன் 'இனி எட்டாது' என்ற உண்மையை ஒப்புக்கொண்டால் வயலைத் தேடலாம். 'இன்னும் சிறிது தூரம் போய்ப் பார்ப்போம்' என்று உண்மையை ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தால், ஒப்புக்கொள்ளும் நாழிகையில் உயரமும் இராது, வயலும் இராது. ஒப்புக்கொள்வதற்கும் ஒரு காலம் உண்டு என்பதே ஆகாய மார்க்கம் கற்பிக்கும் பாடம்.

கஜேந்திரனின் சரித்திரத்தை இந்த நோக்கோடு சிந்தித்தால் புதிய சுவை தோன்றும். மதயானைக் கூட்டத்திற்கு அரசனாகத் திரிந்தவன் மடுவில் இறங்கினான். முதலை காலைப் பற்றிற்று. நெடுங்காலம் தன் பலத்தாலேயே போராடினான். உடன் வந்த யானைகளும் இழுத்துப் பார்த்து ஓய்ந்தன. நீரிலேயே வாழும் முதலைக்கு நாளுக்கு நாள் பலம் ஏறியது; நிலத்தில் வாழும் யானைக்கு நாளுக்கு நாள் பலம் குன்றியது. முடிவில் அவன் தாமரை மலரைத் துதிக்கையில் உயர்த்திப் பிடித்து ஆதிமூலத்தை அழைத்தான். உடல் முழுவதும் ஓய்ந்திருந்தும், துதிக்கை மட்டும் நீருக்கு மேலே இருந்தது. அந்தத் துதிக்கையின் உயரமே கஜேந்திரனுக்கு எஞ்சியிருந்த கையிருப்பு. அது இருக்கும்போதே அழைத்தான். கருடன்மேல் ஏறி எம்பெருமான் விரைந்து வந்தான். கருட ஸேவையன்று வீதியில் திரண்டு நிற்கும் அன்பர்கள், அந்தப் பெரிய திருவடியின் வேகத்திற்குக் காரணமாக இருந்தது ஒரு யானையின் ஒப்புதல் மொழி என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

சொல்லாத சொல்

இதற்கு மாறான ஒரு துயரச் செய்தியும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் தேதி, தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலிருந்து நியூயார்க் நகருக்குச் சென்ற அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், மோசமான வானிலை காரணமாக வழியில் மூன்று இடங்களில் வட்டமிட்டுக் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் காத்திருப்பு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் தரையிலுள்ள அதிகாரிகளிடம் முன்னுரிமை வேண்டும் என்றார்கள்; எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் அபாய அறிவிப்புக்கு உரிய முறையான சொல்லை அவர்கள் சொல்லவில்லை. தரையில் இருந்தவர்களும் அபாயத்தின் அளவை உணரவில்லை. முதல் முறை இறங்க முயன்று முடியாமற்போய், மறுமுறை வருவதற்குள் எஞ்சின்கள் ஓய்ந்தன. லாங் ஐலண்டில் ஒரு குன்றின்மீது விமானம் வீழ்ந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். அபாய நிலையை உரிய காலத்தில் உரிய சொல்லால் அறிவிக்கவில்லை என்பதை விசாரணை செய்தவர்கள் முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் குறித்தார்கள்.

அபாய காலத்தில் விமானிகள் மூன்று முறை உச்சரிக்கும் சொல் 'மேடே' என்பது. பிரெஞ்சு மொழியில் 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் சொல்லின் ஒலியிலிருந்து அது பிறந்தது. 2012ஆம் ஆண்டில் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் இதுபற்றித் தெளிவான வரையறை ஏற்பட்டது. இனித் தாமதம் தாங்காது என்னும் நிலையில், எரிபொருள் குறைந்தபட்ச அளவில் உள்ளது என்று விமானி அறிவிக்கவேண்டும். கடைசிச் சேமிப்பிலேயே கைவைக்க நேரும் என்று கணக்கிட்டவுடன், 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, எரிபொருளே காரணம் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். தொட்டி முற்றிலும் வற்றும்வரை காத்திருக்க இடமில்லை. ஜெட் விமானத்திற்கு 30 நிமிடமும், பிஸ்டன் எஞ்சின் உள்ள விமானத்திற்கு 45 நிமிடமும் பறக்கப் போதுமான அளவே அந்தக் கடைசிச் சேமிப்பு.

சரணாகதியின் அங்கங்களில் ஒன்றைக் கார்ப்பண்யம் என்று பெரியோர்கள் கூறுவர். தன் கையில் ஒன்றுமில்லை, தன்னைக் காத்துக்கொள்ளத் தனக்கு வலிமையில்லை என்று உணர்ந்து, கர்வம் நீங்கி நிற்பதே அது. இதைத் தாழ்வு என்று உலகம் நினைக்கிறது. 'முன்னுரிமை வேண்டும்' என்று கேட்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. 'என்னால் முடியவில்லை, காப்பாற்றுங்கள்' என்று சொல்வதில் அந்தக் கௌரவம் கரைந்துவிடுகிறது. அந்தக் கரைவைத்தான் ஆசார்யர்கள் சரணாகதிக்கு அங்கமாக வைத்தார்கள். கோயிலுக்கு வருபவர்களிலும் முன்னுரிமை கேட்பவர்களே மிகுதி. பெண்ணுக்கு வரன், பிள்ளைக்கு வேலை, மனைக்குப் பட்டா என்று வரிசையாக விண்ணப்பிப்பவர்கள் பலர். 'எனக்கென்று ஒன்றுமில்லை' என்று சொல்லி நிற்பவர்கள் சிலரே.

கை விடுதலும் கை கூப்புதலும்

இங்கே ஒரு ஸந்தேகம் எழும். சரணாகதி செய்தவன் தன் கடமையை விட்டுவிடலாமோ? அப்படியானால் எஞ்சின் நின்றவுடன் விமானி கண்ணை மூடிக்கொள்ளலாமே என்று கேட்பவர் உண்டு. குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் வில்லை நழுவவிட்டான். அது சரணாகதியன்று, சோகம். பிறகு அவன் 'உன்னையே அடைந்தேன், எனக்கு உபதேசிப்பாய்' என்று கண்ணனைப் பற்றினான். பற்றியவனிடம் கண்ணன் வில்லைப் போட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. வில்லை எடுக்கவே செய்தான். எடுத்த வில் பழைய வில்தான். எடுத்தவனிடம், 'நான் வெல்கிறேன்' என்ற எண்ணம் மட்டும் இல்லை.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் தேதி கனடா நாட்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம் ஏறத்தாழ 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானத்தை ஓட்டிய ராபர்ட் பியர்ஸன், எஞ்சினே இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழகியவர். கிம்லி என்னும் ஊரில் விமானப்படை கைவிட்ட பழைய ஓடுதளம் ஒன்றில், அந்தப் பெருவிமானத்தைச் சறுக்கியே இறக்கினார். 69 பேரும் பிழைத்தனர். அவர் கைகள் ஓயவில்லை. எஞ்சினை நம்பும் நம்பிக்கைதான் அங்கே ஒழிந்தது. அதன்பின் காற்று தாங்கிற்று. கற்ற வித்தை வழிகாட்டிற்று. காற்றையும் வித்தையையும் படைத்தவன் யார் என்பதை ஆஸ்திகனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விமானத்தில் எரிபொருள் குறைந்த காரணமும் சிந்திக்கத்தக்கது. எரிபொருள் காட்டும் கருவி பழுதுபட்டிருந்ததால் அளவுக்கோலால் அளந்து கணக்கிட்டார்கள். அப்போதுதான் கனடாவில் மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தன. பயணத்திற்கு வேண்டியது 22,300 கிலோகிராம். பழைய பவுண்டுக் கணக்கு அதில் கலந்துவிட்டதால், இருந்தது 22,300 பவுண்டு மட்டுமே. அதாவது வேண்டியதில் பாதிக்கும் குறைவு. எண் சரியாக இருந்தது. அளவை பிழையாக இருந்தது. ஜீவனும் தன் கையிருப்பை இப்படித்தான் அளக்கிறான். வங்கிப் புத்தகத்தில் இத்தனை, மனையில் இத்தனை, பிள்ளைகள் இத்தனை பேர் என்று எண்ணித் திருப்தி அடைகிறான். எண் பொய்யன்று. ஆயினும் வியாதி வரும் நாளிலும், தனிமை சூழும் நாளிலும், உயிர் பிரியும் நாளிலும் அந்த அளவை செல்லாது. அன்று செல்லுபடியாவது பகவந்நாமமும், ஒருவருக்கொருவர் செய்த உபகாரமும், உள்ளத்தின் உண்மையுமே. சிறிய விமானத்தை ஓட்டுபவன், கருவி எவ்வளவு காட்டினாலும், புறப்படுமுன் தொட்டியைத் திறந்து கோலைவிட்டுப் பார்க்கிறான். நாள்தோறும் ஸந்தியா காலத்தில் சிறிது நேரம் அமர்ந்து ஜபிப்பதும் அத்தகைய சோதனையே. கையிருப்பு உள்ளபடி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் நேரம் அது.

மாண்டவர்களும் பிழைத்தவர்களும்

நெல்வயலில் இறங்கியவர்களை எம்பெருமான் காத்தான் என்றால், குன்றில் வீழ்ந்து மாண்ட 73 பேரை அவன் கைவிட்டானோ என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. அவர்கள் பாவம் செய்தவர்கள் என்று விடை கூறுவது கொடுமை, சாஸ்திரமும் ஆகாது. அன்று விமானத்தில் இருந்த பயணிகளுக்கு எரிபொருள் தீர்வதே தெரியாது. ஆயுள் நீள்வதை மட்டும் அருளின் அளவாகக் கொண்டால், ஸீதாபிராட்டியைக் காக்கப் போராடிச் சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்கு அருள் இல்லை என்று சொல்லவேண்டி வரும். அந்தப் பக்ஷிராஜனுக்கு ஸ்ரீராமபிரான் புத்திரனுடைய ஸ்தானத்தில் இருந்து அந்திமக் கிரியை செய்தான். விழுந்தவனும் அவனுடைய மடியிலேயே விழுந்தான். பிழைத்தவன் தன் புண்ணியத்தைப் பேசிக்கொள்ளவும், மாண்டவனுடைய குற்றத்தைத் தேடவும் யாருக்கும் அதிகாரமில்லை. பிழைத்திருப்பவனுக்கு உள்ள அதிகாரம் ஒன்றுதான்: இனி ஒரு வீட்டில் அத்தகைய மௌனம் நேராமல் பார்த்துக்கொள்வது.

ஏனெனில் அந்த மௌனம் ஆகாயத்தில் மட்டும் இருப்பதன்று. தாம்பரத்திலும் சேலையூரிலும் பம்மலிலும் ஒவ்வொரு தெருவிலும் அது குடியிருக்கிறது. மகளின் விவாஹத்திற்காக விரித்த செலவை மடக்க முடியாமல், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, மனைவியிடமும் சொல்லாமல் நடமாடுகிறார் ஒரு குடும்பத் தலைவர். இறங்கும்போது விரித்த மடல் பறக்கும்போது இழுப்பதைப்போல, ஒரு நாள் வைபவம் பல வருஷங்களைப் பின்னுக்கு இழுக்கிறது. மார்பில் வலி எடுத்தும், வெளியூரிலுள்ள பிள்ளை கவலைப்படுவான் என்று மறைத்துவைக்கிறாள் ஒரு தாய். பரீக்ஷையில் தோற்றதைச் சொல்ல அஞ்சி, தனியறையில் கதவைச் சாத்திக்கொள்கிறான் ஒரு மாணவன். இவர்கள் எல்லாரிடமும் இன்னும் சிறிது உயரம் இருக்கிறது. சொன்னால் இறங்க ஒரு வயல் கிட்டும். சொல்லாமல் இருப்பதால்தான் வயல்களெல்லாம் பின்னே போய்க்கொண்டிருக்கின்றன.

சொல்பவனுக்கு ஒரு கடமை இருப்பதுபோல், கேட்பவனுக்கும் கடமை உண்டு. அன்று நியூயார்க்கில் சொன்னவர்கள் குறைத்துச் சொன்னார்கள்; கேட்டவர்களும் மேலும் துருவிக் கேட்கவில்லை. ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள், சிறியவன் தயங்கிச் சொல்லும் அரைச் சொல்லை முழுச் சொல்லாகக் கேட்கப் பழகவேண்டும். கடன் என்றவுடன் சினந்து, தோல்வி என்றவுடன் பழித்துப் பேசும் வீட்டில் யார் உண்மையைச் சொல்வார்? எம்பெருமான் கஜேந்திரனைப் பார்த்து, இத்தனை காலம் ஏன் அழைக்கவில்லை என்று கேட்கவில்லை. முதலில் முதலையின் வாயிலிருந்து காலை விடுவித்தான். அவனுடைய அடியார்களுக்கும் அந்த வரிசையே வழி.

சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் திருவிடந்தை திவ்ய தேசம் இருக்கிறது. பூமிப்பிராட்டியைத் தாங்கி ஆதிவராஹனாக எம்பெருமான் அங்கே நித்ய கல்யாணப் பெருமாளாய் ஸேவை ஸாதிக்கிறான். நீரில் அமிழ்ந்தவளை எடுத்த பெருமான் அவளுக்குத் தந்த உறுதியின் கருத்தை ஆசார்யர்கள் பலகாலும் எடுத்துரைப்பார்கள். உடலும் உள்ளமும் நல்ல நிலையில் இருக்கும்போதே அவனைச் சிந்தித்தவன், அறிவழிந்து கிடக்கும் கடைசி நாளில் சிந்திக்க முடியாமற்போனாலும், அவனை எம்பெருமானே சிந்தையில் கொள்கிறான் என்பதே அதன் ஸாரம். கடைசி நாழிகையில் கூப்பிட நா எழும்பாது என்பதை அறிந்த கருணை அது. உயரம் உள்ளபோது சொன்ன ஒரு சொல், உயரம் இல்லாத வேளையில் தாங்குகிறது.

ஆகவே உத்ஸவத்திற்கு வந்து பெருமாளை ஸேவிக்கும் அன்பர்கள், கோயிலில் எம்பெருமானிடமும், வீட்டில் உற்றாரிடமும், உள்ள நிலையை உள்ளபடி சொல்லும் துணிவை வேண்டிப் பெறுவார்களாக. சொன்னபின் கையில் உள்ள கடமையைத் தளராமல் செய்வார்களாக. சொல்ல வருகிறவனுக்குத் தங்கள் வீட்டு முற்றத்தையே ஒரு நெல்வயலாக விரித்து வைப்பார்களாக. அத்தகையோர் யாவருக்கும் திருமகள் கேள்வன் ஸகல க்ஷேமங்களையும் அருள்வானாக.

சுபம்